ஓடுபாதையும் ஓடிப்போதலும்

வேற்று மொழியைக் கற்கப் புகுவோரை மருட்டுவன நெடிய சொற்கள் அல்ல. நன்கு அறிந்த இரு சிறு சொற்கள் கைகோத்து வந்து, அறியாத பொருளொன்றைத் தந்து நிற்கும் கூட்டுச் சொற்களே. ஆங்கிலத்தில் 'ரன்' என்பது ஓடுதல். 'வே' என்பது வழி. இவற்றைச் சிறு குழந்தையும் அறியும். ஆயினும் 'ரன்வே' என்றதும் மனிதர் ஓடும் வழியை எவரும் எண்ணுவதில்லை.

லோஹேகாவில் வாழும் நமக்கு அச்சொல் நாள்தோறும் கண்ணிலும் காதிலும் படுவது. பம்பாயின் வான்காவலுக்கென 1939-இல் பிரிட்டிஷார் இங்கே விமானத் தளம் அமைத்தனர். இன்று அது இந்திய விமானப் படையின் நிலையம். பயணிகள் விமானங்களும் அங்குள்ள பாதையிலேதான் ஏறி இறங்குகின்றன. 2021 அக்டோபரில் அதனைச் செப்பனிட இரண்டு வாரம் மூடியபோது, புணே நகருக்கே வான்வழி அடைபட்டது.

விமானம் பிறக்கும் முன்பே 'ரன்வே' ஆங்கிலத்தில் வழங்கியது. காட்டு விலங்குகள் நீர்நிலைக்கு வழக்கமாகச் செல்லும் தடத்துக்கும், நீர் ஓடும் கால்வாய்க்கும் அதுவே பெயர். பின்னர், நாடக அரங்கிலிருந்து பார்வையாளர் நடுவே நீளும் மேடையைக் குறித்தது. புத்தாடை அணிந்து அழகு காட்டி நடக்கும் மேடைக்கும் அப்பெயர் நிலைத்தது. இக்காலத்தில் புதுத் தொழில் தொடங்கும் இளைஞர், கைப்பணம் இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்பதையும் 'ரன்வே' என்கின்றனர். பொருள் பலவாயினும் உள்ளீடு ஒன்றே: ஒன்று இயங்குவதற்கென ஒதுக்கிய வழி.

தமிழில் இதனை 'ஓடுபாதை' என்கிறோம். இது வினைத்தொகை. ஓடிய பாதை, ஓடுகின்ற பாதை, ஓடும் பாதை என முக்காலமும் அதனுள் மறைந்து கிடக்கின்றன. 'ஊறுகாய்', 'சுடுசோறு' போன்றே இங்கும் வல்லினம் மிகாது. 'ஓடுப்பாதை' என எழுதுதல் பிழை. பறக்கும் ஊர்திக்கு நம் முன்னோர் பெயர் வைத்திருந்தனர். புறநானூற்றிலேயே 'வானவூர்தி' உண்டு. இந்த லோஹேகாவ், மராத்தியப் பக்திக் கவிஞர் துக்காராமின் தாய்வழிப் பாட்டனார் ஊர் என்பர். அவர் விமானமேறி உடலோடு வைகுண்டம் சென்றார் என்பது இம்மண்ணின் நம்பிக்கை. தெய்வ விமானத்துக்கு ஓடுபாதை வேண்டுவதில்லை. மானிடர் ஏறும் விமானத்துக்கே அது வேண்டியிருக்கிறது. ஆதலால் அச்சொல்லும் பிற்காலத்தில் பிறந்தது.

ஞாயிறுதோறும் சில பிள்ளைகளுக்குத் தமிழும், அவர்கள் கேட்டால் சிறிது ஆங்கிலமும் சொல்லிக் கொடுத்து வருகிறேன். ஒருநாள் ஒரு சிறுமி, தன் பயணத்தைப் பற்றிய கட்டுரையில், விமானம் 'ரன்அவே'யில் இறங்கியதாக எழுதியிருந்தாள். மற்றப் பிள்ளைகள் சிரித்தனர். 'ரன்வே' பாதை, 'ரன்அவே' ஓடிப்போன ஆள். இரண்டுக்கும் இடையே ஓர் எழுத்தே வேறுபாடு. 'ரன் அவே' எனப் பிரித்தெழுதினால் அது ஓடிப்போதலாகிய வினை. அழுத்தம் பின்சொல்லில் விழும். சேர்த்தெழுதினால் பெயர், அழுத்தம் முன்சொல்லுக்கு மாறும். கட்டுக்கடங்காமல் ஏறும் விலைவாசிக்கும் அதே சொல்லை அடையாக்குவர். இவ்வளவும் விளக்கி முடித்ததும் அச்சிறுமி கேட்டாள்: "நாம எல்லாரும் ஊரை விட்டு வந்தவங்கதானே, மாமா? அப்போ நாம 'ரன்அவே'யா?"

அவ்வினா என்னைச் சுட்டது. விடுமுறைக்கு ஊர் சென்றால், திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவர், "ஓடிப்போனவன் வந்திருக்கான்" என்று நகையாடுவது உண்டு. நகைப்பினுள் ஒரு முள்ளும் இருக்கும். பிழைப்புக்காகப் படைத்துறையிலும் தொழிற்சாலையிலும் வேலை தேடி வந்தவர் நாம். எவருக்கும் அஞ்சி ஓடி வரவில்லை. ஆயினும் அந்த ஓரெழுத்தின் தொலைவை நாம் எதனால் காக்கிறோம்?

விடை ஓடுபாதையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. லோஹேகாவ் ஓடுபாதையின் ஒரு முனையில் 10 என்றும், மறுமுனையில் 28 என்றும் எண்கள் உண்டு. திசைகாட்டி தரும் 100 பாகை, 280 பாகை ஆகியவற்றின் இறுதிச் சுழியை நீக்கிய எண்கள் அவை. பாதை ஒன்றே, செல்லும் திசைக்கேற்பப் பெயர் இரண்டு. புறப்பட்டவர் மீள்வதற்கும் அதுவே வழி. ஓடிப்போனவனுக்கோ ஒரு திசைதான்.

அச்சிறுமிக்கு இதையே சொன்னேன். அவள் உடனே, "எனக்குத் தமிழ் சரியாப் படிக்க வராதே, நான் எப்படித் திரும்பிப் போறது?" என்றாள். பாட்டியின் கடிதத்தை அவளுக்கு அவள் அன்னைதான் படித்துக் காட்டுகிறாள்.

செப்பனிடாத பாதையில் எந்த விமானமும் இறங்காது. நம் இல்லங்களில் தமிழ் எழுத்தும் அத்தகையதே. நாளும் அரைமணி நேரம் பிள்ளைகளை அருகிருத்தித் தமிழ் படிப்பிப்போம். பாட்டிக்கு எழுதும் மடலில் அவர்கள் கையால் நான்கு வரியேனும் எழுதச் செய்வோம். ஆங்கிலக் கூட்டுச் சொற்களை அவர்கள் பள்ளியில் கற்றுக்கொள்வர். ஊருக்கு மீளும் வழியை நாமன்றி வேறெவர் கற்பிப்பார்?