ஐந்தாண்டு கடந்தால் தரிசு

நிலப்பயன்பாட்டுப் புள்ளிவிவரங்களைப் படிக்கும் மொழியியல் மாணவரின் கண் முதலில் செல்வது எண்கள்மீது அன்று, வகைப்பெயர்கள்மீது. இந்திய நிலப்பரப்பு அரசுக் கணக்கில் ஒன்பது வகைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அவற்றுள் மூன்றைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். நடப்பாண்டில் பயிரிடாது விடப்பட்ட நிலம் 'நடப்புத் தரிசு'. ஓராண்டுக்குக் குறையாமலும் ஐந்தாண்டுக்கு மேற்படாமலும் விடப்பட்டது 'பிற தரிசு'. தொடர்ந்து ஐந்தாண்டுகள் பயிரிடப்படாத நிலமோ வகை மாறி, 'பயிரிடத்தக்க தரிசு' ஆகிவிடுகிறது. ஆங்கில மூலத்தில் முதலிரண்டையும் குறிக்கும் சொல் ஓய்வில் இருக்கும் நிலம் என்று பொருள்படும். மூன்றாவதைக் குறிக்கும் சொல்லுக்கு வீண்நிலம் என்று பொருள். தமிழில் மூன்றுமே தரிசுதான். மொழிபெயர்ப்பில் ஒரு வேறுபாடு மறைந்துபோனது சிறிய செய்தி. மூலத்திலேயே ஐந்தாம் ஆண்டின் இறுதியில் ஓய்வு வீணாகப் பெயர் மாறுகிறது என்பதே என்னைத் தொந்தரவு செய்கிறது.

இந்த எல்லைக்கோட்டை வடகிழக்கு இந்திய மலைச்சரிவுகளின்மேல் வைத்துப் பார்ப்போம். ஜூம் எனப்படும் மாற்றிட வேளாண்மையில் காட்டின் ஒரு துண்டு வெட்டி, உலரவிட்டு, எரிக்கப்படுகிறது. ஓரிரு ஆண்டுகள் நெல்லும் தினையும் காய்கறியும் கலந்து பயிராகின்றன. பிறகு நிலம் விடப்படுகிறது, காடு திரும்புகிறது, பல ஆண்டுகள் கழித்து உழவர் அதே இடத்துக்கு மீள்கிறார்.

இந்த ஏற்பாட்டின் காரணம் மண்ணிலேயே இருக்கிறது. வெப்பமும் கனமழையும் நெடுங்காலம் சிதைத்த மண்ணில் எஞ்சுவன பெரும்பாலும் கயோலினைட் களிமண்ணும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளும். இவற்றுக்குக் கால்சியம், பொட்டாசியம், மக்னீசியம் போன்ற சத்துகளைப் பிடித்துவைக்கும் ஆற்றல் குறைவு. பாஸ்பரஸையோ பயிருக்குக் கிடைக்காதபடி இறுகப் பற்றிக்கொள்ளும். எனவே அந்த மண்ணின் வளத்தில் பெரும்பங்கு மரங்களிலும், சருகு மட்கி உண்டான மெல்லிய மேலடுக்கிலும்தான் இருக்கிறது. எரிப்பது அந்தச் சேமிப்பை ஒரே நாளில் எடுத்துச் செலவிடுவதற்கு ஒப்பானது. சாம்பல் மண்ணின் அமிலத்தைத் தணிக்கிறது. பொட்டாசியமும் கால்சியமும் சேர்கின்றன. நைட்ரஜனும் கந்தகமும் புகையாய்ப் போகின்றன. அடுத்தடுத்த மழைகளில் எஞ்சிய சத்துகள் கரைந்தும், மேல்மண்ணோடு அரித்தும் சரிவிறங்குகின்றன. செலவிட்டதைத் திரும்பச் சேர்ப்பது காடு மட்டுமே. அதற்குக் காலம் வேண்டும்.

எவ்வளவு காலம் என்பதை மேகாலயத்தில் பி. எஸ். ராமகிருஷ்ணனும் அவருடன் பணியாற்றியவர்களும் விரிவாக ஆராய்ந்தனர். சுழற்சி பத்தாண்டுக்குக் கீழே குறையும்போது மண் முழுதாக மீள்வதில்லை என்பது அவர்கள் கண்டவற்றுள் முக்கியமானது. முதல் சில ஆண்டுகளில் நிலத்தில் நிற்பவை பெரும்பாலும் களைகளே. அதன்பின் ஓங்கும் மூங்கில் பொட்டாசியத்தைத் தன் உடலில் திரட்டி, மழைக்குப் பறிகொடுக்காமல் காக்கிறது என்று டோக்கியும் அவரும் காட்டினர். அதாவது மண்ணின் மீட்சி வலுப்பெறும் காலத்தில்தான் நம் கணக்கேடு அந்நிலத்துக்கு வீண் என்று பெயர் சூட்டுகிறது.

பெயரோடு நின்றுவிட்டால் கவலையில்லை. நிலவளத் துறையும் ஐதராபாத்தின் தேசியத் தொலையுணர்வு மையமும் வெளியிடும் தரிசுநில வரைபடத் தொகுப்பில், இப்போது பயிராகும் ஜூம் நிலம், 'கைவிடப்பட்ட' ஜூம் நிலம் ஆகிய இரண்டுமே தரிசு வகைகளாக இடம்பெற்றுள்ளன. வீண்நிலம் என்றால் யாருக்கும் தேவைப்படாத நிலம். ஆகவே வேறொன்றுக்குக் கொடுக்கலாம். அசாமில் 1838இல் வகுக்கப்பட்ட தரிசுநில விதிகள் தேயிலைத் தோட்டங்களுக்கு வழிதிறந்தன. 2021இல் ஒப்புதல் பெற்ற எண்ணெய்ப்பனைத் திட்டம் புதிதாக 6.5 லட்சம் ஹெக்டேரை இலக்காக்கியது, அதில் 3.28 லட்சம் ஹெக்டேர் வடகிழக்கு மாநிலங்களுக்கு உரியது. ஒரு சரிவு ஏறத்தாழ கால்நூற்றாண்டு நிற்கும் ஒற்றைப் பயிருக்குப் போனால், சுழற்சிக்கு எஞ்சும் நிலம் சுருங்கும். உழவர் முன்னதாகவே பழைய இடத்துக்குத் திரும்ப நேரும். ஓய்வு குறையும், மண் இளைக்கும், இளைத்த மண்ணே, ஜூம் மண்ணைக் கெடுக்கும் என்பதற்குச் சான்றாகவும் நிறுத்தப்படும்.

ஜூமைப் போற்றிப் பாடுவது என் நோக்கமன்று. நான்கைந்து ஆண்டுகளாகச் சுருங்கிய சுழற்சி மண்ணை அரிக்கிறது என்பதில் ஐயமில்லை. மக்கள்தொகையும் சந்தையும் பழைய நீண்ட சுழற்சியை எல்லா இடத்திலும் திரும்ப அனுமதிக்கப்போவதுமில்லை. ஆயினும் வழிகள் உள்ளன. நாகாலாந்தின் கொனோமாவில் அங்காமி மக்கள் ஆல்டர் மரங்களை வேரோடு அகற்றாமல், தலையை மட்டும் வெட்டித் துளிர்க்கவிட்டு, இடையே பயிரிடுகிறார்கள். அம்மரத்தின் வேர்முடிச்சுகளில் வாழும் பிராங்கியா நுண்ணுயிர் காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கிறது. அதனால் குறுகிய ஓய்விலும் நிலம் தாங்குகிறது. ஓய்வையும் ஒரு நிலப்பயன்பாடாகக் கருதிய சமூகத்துக்கே இத்தகைய தீர்வு தோன்றும்.

தமிழில் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. குறிஞ்சித் திணையின் தினைப்புனத்தில் உள்ள 'புனம்', மலையாளத்தில் காடெரித்துப் பயிரிடும் முறையின் பெயராக இன்னும் வழங்குகிறது. உழவர் பேச்சில் 'ஆறப்போடுதல்' இருக்கிறது. 'தரிசு' ஒரு நிலையைச் சொல்லும் பெயர்ச்சொல். அதில் செய்பவர் இல்லை. 'ஆறப்போடு' ஒரு வினை. அதற்கு எழுவாய் உண்டு, அவர் திரும்பி வருவார் என்ற எதிர்பார்ப்பும் உண்டு. புண் ஆறுவதும் மனம் ஆறுவதும் இதே வேரில்தான்.

சொல்லை மாற்றினால் மண் வளமாகிவிடாது. ஆனால் எந்த நிலத்தை யாரிடமிருந்து எடுக்கலாம் என்பதை முடிவுசெய்யும் படிவத்தில் சொல்லுக்கு அதிகாரம் உண்டு. ஐந்தாண்டு எல்லையைத் திருத்தி, சுழற்சி ஓய்வுக்குத் தனி வகை ஒன்று தருமாறு கேட்பது மண்ணியலாளரின் வேலை மட்டுமன்று. மொழியைப் படிப்பவரின் வேலையும்கூட. மலைப்பகுதிகளில் களப்பணி செய்யும் நண்பர்கள், பயிரிடாது விட்ட நிலத்தை அங்குள்ளோர் ஆண்டுவாரியாக என்னென்ன பெயரிட்டு அழைக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அப்படியொரு பட்டியலைத் தொகுக்கத் தொடங்கியிருக்கிறேன்.