காடாம்புலியூரிலிருந்து நிலாவுக்கு!

பண்ணுருட்டியிலிருந்து வடலூர் போகும் சாலையில் இருக்கிறது காடாம்புலியூர். எங்கு திரும்பினாலும் முந்திரித் தோப்பு. நடுநடுவே பலா மரங்கள். பௌர்ணமியன்று அந்தத் தோப்புகளுக்கு மேலே நிலா எழும்புவதைப் பார்த்தால், பஸ்ஸின் அடுத்த நிறுத்தமே அதுதானோ என்று தோன்றிவிடும்!

ஆனால் தூரம் சுமார் 3,84,000 கிலோமீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடும் பஸ், எங்கும் நிற்காமல் போனாலும் ஏறக்குறைய ஒன்பது மாதம் ஆகும்!

1969 ஜூலையில் மூன்று பேரைச் சுமந்து சென்ற அப்பல்லோ 11, நிலாவை நோக்கிப் புறப்பட்ட வேகம் மணிக்குச் சுமார் 39,000 கிலோமீட்டர். அப்படியானால் பத்து மணி நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டுமே! மூன்று நாள் ஆனதேன்?

ஒரு கல்லை மேலே விட்டெறியுங்கள். கையை விட்ட கணத்தில்தான் அதற்கு முழு வேகம். உயரப் போகப் போகச் சோர்ந்துவிடும். விண்கலமும் அப்படித்தான். எஞ்சினை நிறுத்தியபின் பூமி பின்னாலிருந்து இழுக்க, வேகம் சுமார் 3,300 கிலோமீட்டராக இறங்கிவிட்டது. பிறகு நிலாவின் இழுப்பு ஓங்கவே மறுபடியும் ஓட்டந்தான்!

2023இல் நம் சந்திரயான் 3 நாற்பது நாள் எடுத்துக்கொண்டது. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், பக்கத்து விழுப்புரத்துக்காரர். ஊஞ்சலை உந்தி உந்தி ஆட்டுவதுபோல, பூமியைப் பல முறை சுற்றி வேகம் சேர்த்துக்கொண்ட சிக்கனப் பயணம் அது. ஆளில்லாத கலத்துக்குச் சரி. ஆட்கள் ஏறினால்? நாற்பது நாளுக்குக் கட்டுச்சோறும் தண்ணீரும் மட்டுமல்ல, மூச்சுக் காற்றையும் அல்லவா மூட்டை கட்ட வேண்டும்!