பஜார் சாலையின் பின்வாசல்

சாலையின் அகலத்தைக் கொண்டு வாழ்க்கைத்தரத்தை அளக்கும் பழக்கம் திட்டமிட்ட நகரங்களோடு வேரூன்றியது. 1951இல் சண்டிகரைத் திட்டமிட வந்த லெ கொர்பூசியே, ஊர்களை இணைக்கும் நெடுஞ்சாலை முதல் நடைபாதை வரை சாலைகளை ஏழு தரங்களாக வகுத்து, 1,200 மீட்டருக்கு 800 மீட்டர் அளவுள்ள 'செக்டர்' என்னும் குடியிருப்புக் கட்டங்களுக்கு வெளியிலேயே விரைவு வாகனங்களை ஓடவிட்டார். அந்த அளவுகோலோடு கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதியிலுள்ள பஜார் சாலைக்கு வருபவர்களுக்கு, எதிரெதிரே வரும் இரு லாரிகள் விலகத் திணறும் அந்தத் தெரு பழையவர்களின் பிழையாகவே தோன்றும்; ஆனால் அது பிழையன்று.

அங்குள்ள பழைய கிடங்கு ஒன்றின் அமைப்பே இதற்குச் சான்று. தெருவைப் பார்த்த முன்வாசல், உள்ளே சுக்கும் மிளகும் உலர்த்தும் முற்றம், அதைக் கடந்தால் காயலைப் பார்த்த பின்வாசல். காயல் என்பது கடலோடு கலக்கும் உப்பங்கழி. மூட்டைகள் வள்ளங்களில் வந்து பின்வாசலில் இறங்கியதால், முன்வாசல் தெருவில் நடப்பவர்களுக்கும் கைவண்டிகளுக்கும் விலைபேச வருபவர்களுக்கும் இடம் இருந்தாலே போதுமானதாக இருந்தது. உண்மையில் அவ்வூரின் பெருஞ்சாலை காயல்தான்; அதைப் பெருஞ்சாலையாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டால் மட்டாஞ்சேரியும் தன் வழியில் தரம்பிரித்த நகரமே.

எதிரே தெரியும் வில்லிங்டன் தீவு வேறு கதை. 1920இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, துறைமுகத்துக்காகத் தோண்டிய மண்ணைக் கொண்டு உருவாக்கிய அத்தீவில் சாலைகள் அகலமானவை, நேரானவை, மரநிழல் நிறைந்தவை. எனினும் 1999இல் விமானப் போக்குவரத்து நெடும்பாசேரிக்கும், 2011இல் சரக்குப் பெட்டக முனையம் வல்லார்பாடத்துக்கும் போனபின், துறைமுகப் பணியை நம்பியிருந்த சாலைகளில் நடமாட்டம் குறைந்தது. கடையும் வீடும் கலந்திராத இடத்தில் அகலம் மட்டும் ஆட்களைக் கொண்டுவருவதில்லை. வாகனங்கள் பெருகுவதும் தெருவுக்கு உயிரூட்டுவதில்லை: வாகன நெரிசல் மிகுந்த தெருவில் வசிப்பவர்களைவிட நெரிசல் குறைந்த தெருவில் வசிப்பவர்களுக்கு அண்டை வீட்டு நண்பர்கள் மூன்று மடங்கு இருந்ததை, சான் பிரான்சிஸ்கோவில் ஆய்வு செய்த டொனால்ட் ஆப்பிள்யார்ட் 1972இல் எழுதினார்.

இன்று மட்டாஞ்சேரியின் துயரம், வள்ளத்தின் சுமை லாரிக்கு மாறியதில் இருக்கிறது. பின்வாசல்கள் பல அடைபட்டுவிட்டன. நடப்பவர் சுவரோரம் ஒதுங்குகிறார். இதற்கு மருந்தாகச் சாலையை அகலப்படுத்தினால் இடிபடுவது அந்தக் கிடங்குகளின் முகப்புகளே, அவை போனபின் மட்டாஞ்சேரி என்று சொல்ல அங்கே அதிகம் மிஞ்சாது. 2023இல் தொடங்கிய கொச்சி நீர் மெட்ரோ ஆட்களை மீண்டும் காயல் வழியே அழைத்துச் செல்கிறது. மூட்டைகளுக்கும் அவ்வழி திறக்கப்பட வேண்டும், அங்குள்ள கல்வத்தி வாய்க்கால் தூர்வாரப்பட வேண்டும், லாரிகள் சரக்கு இறக்குவதற்கு நேர வரம்பு வேண்டும். சாலையை அளக்க வரும் அதிகாரிகள், அளவு நாடாவை விரிக்குமுன் ஒருமுறை படகில் போய் அக்கிடங்குகளின் பின்வாசல்களைப் பார்க்கட்டும்.