வேகம் ஓகே... சாவி யார்கிட்ட?

‘செம ஸ்பீடு, சல்லிசான ஃபீஸ்!’ - கிரிப்டோ பத்திப் பேசுற சீனியர் யாராவது உங்க ஹாஸ்டல்ல இருந்தா, லேயர் டூ நெட்வொர்க்குகளை இப்படித்தான் புகழ்வார். பொய் இல்லை. ஆனா, பாதி உண்மை. மீதியை நான் சொல்றேன், கேளுங்க.

எத்தீரியம் பிளாக்செயினை ஹாஸ்டல் மெஸ் கணக்கு நோட்டுனு வச்சுக்கோங்க. ஒவ்வொரு வரியையும் எல்லா ரூம்காரங்களும் தனித்தனியா சரிபார்ப்பாங்க. ஏமாத்துறது ரொம்பக் கஷ்டம். ஆனா, ஆமை வேகம்! பல வருஷமா நொடிக்குச் சுமார் 15 பரிவர்த்தனையைத் தாண்டவே முக்கிச்சு. கூட்டம் கூடினா ஃபீஸும் எகிறும்.

லேயர் டூ என்ன பண்ணுது? பக்கத்துலயே ஒரு தனி நோட்டு போடுது. ஏகப்பட்ட கணக்கை அங்கே முடிச்சு, சுருக்கி, மொத்தமா மெயின் நோட்டுல ஒட்டிடுது. 2024 மார்ச்ல வந்த ‘டென்குன்’ அப்டேட், இப்படி ஒட்டுறதுக்குன்னே எத்தீரியத்துல மலிவான இடம் ஒதுக்குச்சு. லேயர் டூ ஃபீஸ் மளமளன்னு சரிஞ்சது அப்பதான்.

சரி, அந்தத் தனி நோட்டுல யார் கணக்கு முதல்ல, யார் கணக்கு அடுத்ததுன்னு வரிசைப்படுத்தி எழுதுறது யார்? அதுக்குப் பேர் ‘சீக்வென்ஸர்’. பெரிய நெட்வொர்க் பலதுலயும் அதை நடத்துறது ஒரே ஒரு நிறுவனம். வேகத்துக்குக் காரணமும் அதுதான், வீக்னஸும் அதுதான்!

2023 டிசம்பர் 15. ஆர்பிட்ரம் நெட்வொர்க்கோட சீக்வென்ஸர் கூட்டம் தாங்காம ஒரு மணி நேரத்துக்கும் மேல திணறி நின்னுச்சு. 2024 ஜூன் 2. லீனியா நெட்வொர்க்ல இயங்கின வெலோகோர் எக்ஸ்சேஞ்சுல திருட்டு. உடனே லீனியா டீமே மொத்த நெட்வொர்க்கையும் சுமார் ஒரு மணி நேரம் நிறுத்திட்டாங்க.

‘திருடனைப் பிடிக்கத்தானே?’ன்னு கேட்பீங்க. நியாயம்தான். என் பணம் அங்கே இருந்திருந்தா நானும் கை தட்டியிருப்பேன். ஆனா, திருடனுக்குக் கதவைப் பூட்டின அதே கை, நாளைக்கு யாரோ மிரட்டினா எனக்கும் உங்களுக்கும் பூட்டும்ல? அப்புறம் இதுக்கும் பேங்குக்கும் என்ன வித்தியாசம்?

வித்தியாசம், பின்வாசல்லதான் இருக்கு. ஆர்பிட்ரம்ல சீக்வென்ஸர் உங்களைக் கண்டுக்கலைன்னா, நேரா எத்தீரியத்துல போய்ப் பதிவு பண்ணலாம். சுமார் 24 மணி நேரம் கழிச்சு உங்க பரிவர்த்தனையை யார் தயவும் இல்லாம உள்ளே சேர்த்துடலாம். இந்த வசதி எல்லா நெட்வொர்க்லயும் கிடையாது. இதையெல்லாம் அலசி, ‘ஸ்டேஜ் 0, 1, 2’ன்னு தரம் பிரிக்கிற வேலையை எல்டூபீட் குழு செய்யுது. காசு போடுறதோ, ஃபைனல் இயர் புராஜெக்ட் பண்றதோ, முதல்ல அதைப் பாருங்க. நொடிக்கு எத்தனைங்கிற கணக்கை அப்புறம் பார்த்துக்கலாம்.

என் ஓட்டு, கொஞ்சம் மெதுவா போனாலும் பின்வாசல் இருக்குற நெட்வொர்க்குக்குத்தான். தியேட்டர்ல சீட் எவ்வளவு சொகுசா இருந்தாலும், ‘எக்ஸிட்’ போர்டு எங்கேன்னு ஒரு தடவை பார்த்துட்டு உட்காருறது நல்லது பாஸ்!