ஏல மலை அடிவாரத்தில் ஓர் அரண்மனை

மதுரையிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்படும் இரயில், தேனியைக் கடந்து, மலைச்சுவரின் அடிவாரத்தில் முட்டிக்கொண்டது போல் நின்றுவிடுகிறது. அங்கே முடிகிறது இருப்புப்பாதை. அங்கே தொடங்குகிறது ஏல மலை. அவ்வூரே போடிநாயக்கனூர். 1928ஆம் ஆண்டு வந்த மீட்டர்கேஜ் பாதை, 2010 இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக மூடப்பட்டது. மீண்டும் போடிக்கு இரயில் வந்து சேர 2023 ஜூன் வரை ஊரார் காத்திருக்க வேண்டியதாயிற்று.

கழுத்தில் கேமிராவைத் தொங்கவிட்டுக்கொண்டு இவ்வழியே வருவோர் பலர். ஆனால் அவர்களுடைய நாட்டமெல்லாம் மூணாறின் மீதே. தேநீர் அருந்தும் நேரம் மட்டும் போடியில் தங்கிவிட்டு மலையேறிவிடுவர். ஊருக்குள்ளேயே ஓர் அரண்மனை இருப்பதையும், அதன் சுவர்களில் ஓவியங்கள் தீட்டப்பட்டிருப்பதையும் அவர்களுள் எத்தனை பேர் அறிவர்?

மதுரை நாயக்கர் காலத்தில் வகுக்கப்பட்ட 72 பாளையங்களுள் போடியும் ஒன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் பாளையம் ஜமீனாயிற்று. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் அதற்கும் முற்றுப்புள்ளி வைத்தது. அதிகாரம் அகன்றது, அரண்மனை எஞ்சியது. அதனுள்ளே 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இராமாயண ஓவியங்கள் சுவர்களை அணி செய்கின்றன. வள்ளல் சீதக்காதியின் நண்பரான கிழவன் சேதுபதியின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்திலும் சுவரோவியங்கள் உண்டு. அது தமிழகத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளது. போடி அரண்மனையோ ஜமீன் குடும்பத்தாரின் உடைமை. சீட்டு வாங்கிக்கொண்டு நுழையும் காட்சிச்சாலை அன்று. ஆகவே முன்கூட்டியே அனுமதி பெற்றுச் செல்வதே முறை.

பொழுதுபோக்காகப் படம் எடுப்பவருக்கு இங்கே என்ன வேலை என்று எண்ண வேண்டாம். லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, விடுமுறையில் தாயகம் சென்றபோது படமெடுக்கும் கலையைப் பழகிக்கொண்டார். பின்னர் சென்னை அரசின் புகைப்படக் கலைஞராக நியமனம் பெற்று, 1858இல் மதுரைக்கு வந்தார். மெழுகூட்டிய காகித நெகட்டிவ்களில் திருமலை நாயக்கர் மகாலைப் படமாக்கினார். 1636இல் எழுந்த அம்மாளிகை அப்போது சிதைந்து கிடந்தது. நேப்பியர் பிரபு ஆளுநராக இருந்தபோதுதான் (1866–1872) அது செப்பனிடப்பட்டது. அதற்கு முன்னிருந்த கோலத்தை இன்று நாம் காண முடிவது டிரைப்பின் படங்களால் அல்லவா? இக்காலத்திலும் அழிவு சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஆற்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனையைச் சேர்ந்த கலச மகால் 2012 ஜனவரியில் ஒரே இரவில் தீக்கிரையானதை நாம் மறந்துவிடவில்லை. பின்னர் அதைப் புதுப்பித்தனர் என்பது ஆறுதல். ஆனால் சுவரோவியம் ஒன்று உதிர்ந்துவிட்டால் அதை எந்தக் கொத்தனார் மீட்டுத் தருவார்?

ஓவியச் சுவரைப் படமெடுக்கையில் பிளாஷைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். வண்ணத்திற்கு அது நல்லதன்று. படமும் நடுவில் வெள்ளைத் திட்டாகிக் கெட்டுவிடும். முக்காலியில் கேமிராவை நிறுத்தி, லென்ஸைச் சுவரின் நடு உயரத்திற்கு நேராக வைத்து, கதவு சன்னல் வழியே வரும் வெளிச்சத்தில் நிதானமாக எடுக்கலாம். மஞ்சள் விளக்கு எரிந்தால் அணைக்கச் சொல்லிவிடுங்கள். இல்லையேல் பச்சையும் நீலமும் நிறம் மாறித் தோன்றும். முதலில் முழுச் சுவர், பிறகு பகுதி பகுதியாக. ஒரு படத்திலேனும் ஓரமாக அடிக்கோல் ஒன்றை வைத்தால் அளவு விளங்கும். முகங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, விரிசலையும் ஈரக் கறையையும் ஒதுக்கிவிடுபவர் பாதிப் பணியையே செய்கிறார். பத்தாண்டு கழித்து மற்றொருவர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது அந்த விரிசலைத்தான்.

வீட்டாரின் அன்றாட வாழ்வும், அங்குள்ள பெண்களும் நம் படத்திற்குரிய பொருளல்லர். நம்பி உள்ளே அழைத்தவரின் நம்பிக்கை ஓர் அமானிதம்.

அரண்மனை என்றால் பூங்காவும் இருக்க வேண்டுமே என்பீர்கள். மைசூர் பிருந்தாவனம் போன்ற நீரூற்றுத் தோட்டத்தைப் போடியில் தேடினால் ஏமாற்றமே. ஆனால் மேற்கே நிமிர்ந்து பாருங்கள்! எந்த மன்னரும் இட முடியாத பூங்கா அங்கே அடுக்கடுக்காக எழுந்து நிற்கிறது. ஊரார் இதனைத் 'தென் காஷ்மீர்' என்பர். சற்று மிகைதான், ஆயினும் காலை வேளையில் மறுக்க மனம் வராது. மலை ஊருக்கு மேற்கே இருப்பதால் காலைக் கதிர் சரிவின் முகத்தில் நேரே விழுந்து, ஒவ்வொரு மடிப்பையும் துலக்கிக் காட்டும். பிற்பகல் சாய்ந்துவிட்டால் கதிரவன் மலைக்குப் பின்னே போய்விடுவான். கருநிழல் மட்டுமே படத்தில் மிஞ்சும். தென்மேற்குப் பருவக்காற்றின் நாள்களில் உச்சியில் மேகம் வழிந்துகொண்டிருக்க, கீழே ஊர் வறண்டிருக்கும் விந்தையையும் காணலாம்.

17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் சுமார் 4,500 அடி உயரத்தில் போடிமெட்டு, அப்பால் கேரளம். அங்கே பெருமரங்களின் நிழலில் ஏலச்செடிகள் தழைத்துள்ளன. நெய்ச்சோற்றில் நாம் இடும் ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதாக எண்ணுவோர் உண்டு. அது வேரடியிலிருந்து கிளம்பும் சரத்தில், தரையை ஒட்டிப் பூத்துக் காய்க்கிறது. அரண்மனையில் அண்ணாந்து படமெடுத்தவர் இங்கே மண்டியிட வேண்டும். இலை வழியே கசியும் ஒளி பச்சையாக இருப்பதால், பறிப்பவரின் முகத்திலும் அப்பச்சை படியும். மேகமூட்டமான நாளில் அது ஓரளவு குறையும். பறித்த காய் உலர்த்தப்பட்டு, போடியின் ஏல மையத்தில் விலை பேசப்படுகிறது. இவ்வணிகத்தில் ராவுத்தர் குடும்பங்களுக்கும் நெடுநாள் தொடர்பு உண்டு.

குரங்கணிப் பக்கம் காட்டுக்குள் செல்ல விரும்புவோர் வனத்துறையின் அனுமதியின்றி ஓரடியும் வைக்கக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று அங்கே மூண்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

எடுத்த படங்கள் கைப்பேசிக்குள்ளேயே புதைந்து போவதுதான் இன்றைய வழக்கம். தேர்ந்த பத்துப் படங்களையாவது அச்சிட்டு, எந்தச் சுவர், எந்த நாள், எந்தத் திசை எனப் பின்புறம் எழுதி வையுங்கள். ஒரு தொகுதியை அரண்மனை வீட்டாருக்கும் அனுப்பி வையுங்கள்.