உறுதிமொழியும் முதல் வகுப்பும்

ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை 1987-ஆம் ஆண்டில் ஜூன் 26-ஐப் போதைப்பொருள் எதிர்ப்பு நாளாக அறிவித்தது. அந்நாளில் மாணவர்கள் கைநீட்டி உறுதிமொழி எடுப்பதை என் ஆசிரியப் பணியில் பலமுறை கண்டிருக்கிறேன். நூற்றுக்கணக்கான இளங்குரல்கள் ஒருசேர எழும்போது நெஞ்சம் நெகிழும். ஆனால் நெகிழ்ந்தது எவருடைய நெஞ்சம்? மேடையில் நின்ற பெரியவர்களுடையதா, கடைசி வரிசைப் பையனுடையதா?

இவ்வினாவுக்கு அமெரிக்க நாட்டின் அனுபவம் ஓரளவு விடை தருகிறது. 1983-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் காவல்துறையும் பள்ளி நிர்வாகமும் இணைந்து 'டேர்' என்னும் திட்டத்தைத் தொடங்கின. சீருடையணிந்த காவலர் வகுப்பறைக்கு வருவார். போதையின் தீமைகளை விளக்குவார். 'வேண்டாம்' என மறுக்கப் பழக்குவார். நிறைவில் சான்றிதழும் உண்டு, விழாவும் உண்டு. பெற்றோர் மகிழ்ந்தனர், திட்டம் நாடெங்கும் பரவியது.

பிள்ளைகள்? கென்டக்கி மாநிலத்தில் ஆறாம் வகுப்பில் அப்பாடம் கற்றோரை இருபது வயதில் மீண்டும் சந்தித்து ஆராய்ந்தனர். 1999-இல் வெளியான முடிவு எளிமையானது: பாடம் கற்றவர்க்கும் கல்லாதவர்க்கும் போதைப் பழக்கத்தில் வேறுபாடு தென்படவில்லை. எனக்கு இது வியப்பளிக்கவில்லை. எவரும் நீட்டாத ஒன்றைப் பதினொரு வயதில் மறுப்பது எளிது. பதினாறு வயதில் நீட்டுபவன் உற்ற நண்பனாக இருப்பான். அவனை விட்டால் வேறு நண்பன் இல்லாத நிலையும் இருக்கலாம்.

வியப்பளித்தது பால்டிமோர் நகரம். அங்கே 1980-களின் நடுவில் முதல் வகுப்புக் குழந்தைகளிடம் ஒரு விளையாட்டை ஆடிப் பார்த்தனர். ஆசிரியர் வகுப்பைக் குழுக்களாகப் பிரிப்பார். முரட்டுக் குழந்தைகள் ஒரே இடத்தில் சேராமல் எல்லாக் குழுக்களிலும் கலந்திருப்பர். விதிமீறல்கள் ஓர் அளவைத் தாண்டாவிட்டால் குழுவுக்கு வெற்றி. எல்லாக் குழுக்களும் வெல்லலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த விதி. தண்டிப்பதற்குப் பதில், முரடனை அடக்கி அமர்த்தத் தோழர்களே உதவுவர். போதை என்ற சொல்லே அதில் இல்லை! ஆயினும் அவ்வகுப்புகளில் பயின்ற ஆண்பிள்ளைகள், குறிப்பாக முரடர்களாயிருந்தோர், இளைஞரானபோது போதைக்கு அடிமையானது மற்ற வகுப்புகளைவிடக் குறைவாக இருந்தது. பெண்பிள்ளைகளிடம் அத்தகைய மாற்றம் தெளிவாகக் காணப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

உறுதிமொழி வேண்டாமென நான் கூறவில்லை. அதற்குச் செலவும் குறைவு, நேரமும் குறைவு. குழந்தைகளை ஒருவரோடொருவர் பழக்குவதோ ஆண்டு முழுவதும் செய்யும் வேலை. அதைப் புகைப்படம் எடுக்கவும் இயலாது. எங்கள் பள்ளியில் முதல் வகுப்பெடுத்த ஆசிரியை சண்டை விலக்கி, மூக்குத் துடைத்து, ஒதுங்கிய சிறுவனை மற்றவரோடு அமர்த்தியே முப்பது ஆண்டுகளைக் கழித்தார். போதைத் தடுப்புக் கருத்தரங்கு எதற்கும் அவரை எவரும் அழைத்ததில்லை.