கோல் பஞ்சத்தில் பிஜோய்கர்

2024 நவம்பரில் ஒரு மொழிபெயர்ப்புப் பட்டறைக்காக இரண்டு வாரம் கொல்கத்தாவில் இருந்தேன். பகல் முழுக்க வங்கச் சிறுகதைகளோடு மல்லுக்கட்டல்; மாலையில் வேலை கிடையாது. தங்க இடம் கொடுத்திருந்தது தெற்கே ஜாதவ்பூரில், 8பி பேருந்து நிலையத்திலிருந்து பிஜோய்கர் போகிற வழியில். முதல் நாள் மாலையே தெருமுனை டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். மண் குவளையில் எலுமிச்சை டீ வந்தது. கூடவே ஒரு சண்டையும் வந்தது.

"அந்த கிரேக்கனுக்கு நம்ம ஊர் காற்று ஒத்துக்கொள்ளவில்லை" என்றார் குரங்குக் குல்லா போட்ட பெரியவர்.

"கொச்சியில் ஒத்துக்கொண்டதே? போன வாரம் பூட்டானில் ஒத்துக்கொண்டதே?" என்றான் பக்கத்தில் இருந்த இளைஞன். அவருடைய மகன்தான் என்பது பிறகு தெரிந்தது.

கிரேக்கன் என்பது டிமிட்ரியோஸ் டயமன்டகோஸ். 2023-24 ஐ.எஸ்.எல். போட்டிகளில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்காக 13 கோல் போட்டு, அதிக கோலுக்கான தங்க பூட்ஸ் வாங்கிய ஸ்ட்ரைக்கர். அவரை ஈஸ்ட் பெங்கால் கிளப் வாங்கியது. அதே சீசனில் கோலுக்குப் பந்து எடுத்துக் கொடுப்பதில் முதலிடத்தில் இருந்த மாதி தலால் என்ற பிரெஞ்சுக்காரரையும் பஞ்சாப் அணியிலிருந்து கூட்டி வந்தது. அதிகம் அடித்தவர், அதிகம் எடுத்துக் கொடுத்தவர் இருவருமே கையில். பிறகு என்ன கவலை? 2024-25 சீசன் தொடங்கியது. முதல் ஆறு ஆட்டங்களிலும் தோல்வி. ஆறு ஆட்டத்தில் மொத்தம் 4 கோல். செப்டம்பர் முடிவதற்குள் ஸ்பெயின்காரக் கோச் கார்லெஸ் குவாத்ராத் விலகிப் போனார். இன்னொரு ஸ்பெயின்காரர் ஆஸ்கர் புரூஸோன் வந்தார். நான் போன நேரத்தில் அட்டவணையில் ஈஸ்ட் பெங்கால் கடைசியில் இருந்தது.

விசித்திரம் என்னவென்றால், இதே அணி அக்டோபர் கடைசியில் திம்புவுக்குப் போய், ஆசிய சேலஞ்ச் லீக்கில் மூன்று ஆட்டங்களில் 9 கோல் போட்டு, தன் பிரிவில் முதலிடம் பிடித்துவிட்டு வந்திருந்தது. மலை மேல் ஏறினால் கோல் வருகிறது, கங்கைக் கரைக்கு இறங்கினால் நின்றுவிடுகிறது. இந்தப் புதிரைத்தான் அந்த டீக்கடை தினமும் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தது.

பிஜோய்கர் என்றால் வெற்றிக் கோட்டை. இரண்டாம் உலகப் போர்க்கால ராணுவ முகாமாக இருந்து காலியான இடம். பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து ஓடிவந்தவர்கள் அதைப் பிடித்துக் குடியேறினார்கள். அப்படி வந்தவர்களுக்குக் கொல்கத்தாவின் பூர்வகுடிகள் வைத்த பெயர் 'பாங்கால்'. முதலில் கேலிப் பெயர்தான். இப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஊர் போயிற்று, நிலம் போயிற்று, ஆற்றங்கரை போயிற்று. ஊர்ப் பெயரைத் தாங்கிய கிளப் ஒன்று மட்டும் இந்தப் பக்கம் இருந்தது. ஈஸ்ட் பெங்கால் 1920-ல் கொல்கத்தாவிலேயே தொடங்கியது. பிரிவினையை விட 27 வயது மூத்தது. பெரியவரின் தந்தை 1950-ல் பாரிசாலிலிருந்து வந்தவர். இந்த ஊரில் யாரையும் தெரியாத நாட்களில், சிவப்பும் தங்கமும் கலந்த சட்டைகளைப் பார்க்க மைதானத்துக்கு நடந்தே போவாராம். இங்கிருந்து அது நல்ல தூரம்.

டீக்கடைக்காரர் மோகன் பகான் கட்சி. இந்தப் பேட்டையில் கடை வைத்துக்கொண்டு அதை வெளியே சொல்ல முடியுமா? கல்லாப்பெட்டிக்குப் பின்னால் சிரிப்பதோடு சரி. அவருடைய அணி அந்த ஆண்டு ஏப்ரலில்தான் லீக் கேடயம் வாங்கியிருந்தது. ஈஸ்ட் பெங்கால் தேசிய லீக்கைக் கடைசியாக வென்றது 2004-ல்.

மகனுக்கு 29 வயது, சால்ட் லேக் பக்கம் கம்ப்யூட்டர் வேலை. "அப்பா 1975-ஐப் பார்த்தவர். ஐ.எஃப்.ஏ. ஷீல்டு பைனல், மோகன் பகானுக்கு 5-0. எனக்கு நினைவு தெரிந்து இவர்கள் லீக் ஜெயித்ததில்லை. 2004-ல் எனக்கு 9 வயது. பட்டாசு வெடித்தது மட்டும் ஞாபகம்" என்றான். டிக்கெட் வாங்குவதை நிறுத்திவிட்டதாகவும் சொன்னான். பெரியவர் அவனைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "வாங்க மாட்டான். மொபைலில் பார்ப்பான். பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் படுப்பான்."

வங்காளிகளிடம் 'ஒபிமான்' என்று ஒரு சொல் இருக்கிறது. நம் 'அபிமானம்' தான், உச்சரிப்பு மட்டும் வேறு. ஆனால் பொருள் திரும்பிக்கொண்டுவிட்டது. தமிழில் அபிமானி என்றால் ரசிகன். அங்கே ஒபிமான் என்றால், பிரியமானவர்கள் நம்மை வருத்திவிட்டதால் வருகிற கோபம், மனத்தாங்கல். பட்டறையில் இதற்கு ஈடான தமிழ்ச்சொல்லுக்காக இரண்டு நாள் அடித்துக்கொண்டோம்; 'ஊடல்' கொஞ்சம் கிட்டே வந்தது. டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, ஒரே ஆள் இரண்டு பொருளிலும் அபிமானியாக இருக்க முடியும் என்று தெரிந்தது.

கோல் ஏன் விழவில்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம். ஒருவர் நடுவர்களைத் திட்டினார். ஒருவர் கோச்சை. கொஞ்சம் கனமாகப் பேசியவர், பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருப்பவர். ஒரு காலத்தில் மைதானத்தின் சின்ன கிளப்புகளில் வலது ஓரத்தில் ஆடியவர். ஐம்பது தாண்டியும் கெண்டைக்கால் கெட்டியாக இருந்தது. காலி மண் குவளைகளை பெஞ்சில் அடுக்கி விளக்கினார். பிஸ்கட் பாட்டில் மூடிதான் கோல்.

"இதோ டயமன்டகோஸ். கேரளாவில் இவன் பெட்டிக்குள் நிற்பான். பந்து அவனைத் தேடி வரும். ஒரே தொடுதல், கோல். இங்கே பந்து வரவில்லை. அதனால் இவன் பந்தைத் தேடி இறங்கி வருகிறான்." குவளை கீழே வந்தது. "தலால் இருக்கிற இடத்துக்கே வந்துவிடுகிறான். இரண்டு பேரும் ஒரே இடத்தில். பந்து ஓரத்துக்குப் போகிறது. ஓரத்தில் இருக்கிறவன் நிமிர்ந்து பார்க்கிறான். பெட்டிக்குள் யார்?" மூடிக்கு முன்னால் பெஞ்சு காலியாக இருந்தது. "யாரும் இல்லை, தாதா."

தாதா என்றால் அண்ணன். நம் சினிமா தாதா அல்ல.

"ஸ்ட்ரைக்கர் கெட்டவனில்லை, கொடுப்பவனும் கெட்டவனில்லை. இரண்டு பேரும் ஒன்றாக ஆடி எத்தனை மாதம் ஆகிறது? முன்வரிசையைக் கடையில் வாங்க முடியாது. அது பழக்கம்."

எனக்கு இது சரியென்று பட்டது. கிளப்பின் சமீபகாலக் கதை அப்படி. 2018-ல் குவெஸ், 2020-ல் ஸ்ரீ சிமென்ட், 2022 முதல் எமாமி என்று பணம் போடும் நிறுவனங்கள் மாறின. 2020-ல் ஐ.எஸ்.எல்.லில் நுழைந்ததே கடைசி நேரத்தில்; அவசரமாகச் சேர்த்த அணி. அதற்கு கோச்சாக வந்தவர் ராபி ஃபௌலர். இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 163 கோல் அடித்த மனிதர்! அவருடைய அணி முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட போடவில்லை. அடுத்த சீசனில் 20 ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி, 18 கோல், கடைசி இடம். ஒவ்வொரு ஆண்டும் புதுக் கோச், புது வெளிநாட்டுக்காரர்கள், புது நம்பிக்கை. ஒருவர் ஓட்டம் இன்னொருவருக்குப் புரிய ஆரம்பிக்கும்போது சீசன் முடிந்துவிடும்.

"எங்கள் பஞ்ச பாண்டவர்கள் எத்தனை வருஷம் சேர்ந்து ஆடினார்கள் தெரியுமா?" என்று பெரியவர் கேட்டபோதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் சொன்னது 1940-களின் இறுதியிலிருந்து 1953 வரையிலான முன்வரிசை: அப்பா ராவ், வெங்கடேஷ், தன்ராஜ், சாலே, அகமது கான். ஐந்து பேருமே தென்னிந்தியர்கள். அப்பா ராவ் காக்கிநாடாக்காரர், அகமது கான் பெங்களூர்க்காரர், சாலே கேரளத்தவர். 1949, 50, 51 என்று வரிசையாக மூன்று ஆண்டு ஷீல்டு வாங்கித் தந்தார்கள். வீட்டைத் தொலைத்து வந்த ஒரு தலைமுறைக்கு ஜெயிப்பது என்றால் என்ன என்று காட்டியவர்கள் வங்காளமே தாய்மொழியாக இல்லாத ஐந்து பேர். பெரியவர் பிறந்தது 1960-ல். அவர்கள் ஆடி அவர் பார்த்ததில்லை. ஆனாலும் அகமது கான் வெறுங்காலில் பந்தை நிறுத்தும் விதத்தை நேற்றுப் பார்த்தது போலச் சொன்னார். அப்பா சொல்லக் கேட்டதாம்.

"தெற்கிலிருந்து வந்தவர்கள்தான் எங்களுக்கு கோல் போட்டார்கள். இப்போதும் உங்கள் நந்தா இருக்கிறானே" என்றார்.

எங்கள் நந்தா, சென்னைப் பையன் நந்தகுமார் சேகர். 2023 ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அவர் போட்ட ஒற்றை கோல்தான், நாலரை ஆண்டாக அந்த எதிரியிடம் தோற்றுக்கொண்டிருந்த கதையை முடித்தது. 2024 ஜனவரியில் புவனேஸ்வரில் ஒடிசாவை 3-2 என்று வென்று சூப்பர் கோப்பை வாங்கியபோது அந்தப் பைனலிலும் ஒரு கோல் அவருடையது. 12 ஆண்டுக்குப் பிறகு கிடைத்த தேசியக் கோப்பை அது. சென்னை என்றதும் அன்றைய டீக்குக் காசு வாங்கவில்லை. அந்த கோல்களில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை என்று சொல்லத் தோன்றவில்லை.

நவம்பர் 9, சனிக்கிழமை. சால்ட் லேக் மைதானத்தில் முகமதன் ஸ்போர்ட்டிங்குடன் ஆட்டம். பெரியவர், மளிகைக்கடைக்காரர், நான். மகன் வரவில்லை. அரை மணி நேரம் ஆவதற்குள் எதிரணி ஆளைக் கையால் அடித்ததற்காகச் சிவப்பு அட்டை, வெளியேறியவர் நந்தகுமார். அதை எதிர்த்துக் கத்திய நவோரம் மகேஷ் சிங்குக்கும் உடனே இன்னொரு அட்டை. கண் மூடித் திறப்பதற்குள் இரண்டு ஓரங்களும் காலி. பதினொரு பேர் இருந்தபோதே கோல் இல்லை, ஒன்பது பேரோடு என்ன செய்வது? பெரியவர் என் பக்கம் திரும்பவே இல்லை. டீக்காசைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று இருந்தது எனக்கு.

பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த ஒன்பது பேர் கோலுக்கு முன்னால் சுவர் கட்டினார்கள். ஆறு வாரமாக வசைபாடிய கூட்டம், பந்தை வெளியே உதைத்ததற்கெல்லாம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. கிரேக்கனும் பின்னால் ஓடி வந்து பந்தைத் தட்டிவிட்டபோது "சபாஷ்!" என்று பெரியவர் கத்தினார். 0-0. சீசனின் முதல் புள்ளி. கொடி அசைத்துக்கொண்டு, கோப்பை வாங்கியவர்கள் மாதிரி வெளியே வந்தார்கள். வெளியே கறுப்பு-வெள்ளைச் சட்டைக்காரர்கள் சிலர் தலைகுனிந்து நின்று தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்பது பேருக்கு எதிராகவும் ஒரு கோல் போட முடியாத முன்வரிசை பற்றித்தான் இருக்கும்.

வீட்டு வாசலில் மகன் நின்றுகொண்டிருந்தான். "பார்த்தேன்" என்றான். "நல்லா ஆடினாங்க. ஆனா கோல்?"

மறுநாள் காலை மளிகைக்கடைக்காரர் என்னை மைதானத்துக்கு அழைத்துப் போனார். கோட்டையைச் சுற்றியுள்ள அந்தப் பெரும் புல்வெளி ராணுவத்தின் நிலம். நிரந்தரக் கட்டடம் எழுப்ப அனுமதி கிடையாது. நூறாண்டு தாண்டிய கிளப்புகளின் இருப்பிடங்களை இன்றும் 'டென்ட்' என்றுதான் சொல்கிறார்கள். ஈஸ்ட் பெங்கால் டென்டுக்கு வெளியே நின்று, தான் பதினாறு வயதில் கட்டணமில்லாமல் சுவரேறிப் பார்த்த இடத்தைக் காட்டினார். 1997 பெடரேஷன் கோப்பை அரையிறுதியில் பாய்ச்சுங் பூட்டியா மோகன் பகானுக்கு எதிராக மூன்று கோல் போட்டதை 1,31,000-க்கும் மேற்பட்டோரில் ஒருவராக சால்ட் லேக்கில் பார்த்தாராம். "அவன் எங்களிடம் வந்தபோது பள்ளிக்கூடப் பையன். வளர விட்டோம்."

பக்கத்தில் சிறுவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் சிலருக்கு ஞாயிறுகளில் இவர்தான் பயிற்சி தருகிறார். "இவர்களைக் கேளுங்கள், யாருக்கு ஸ்ட்ரைக்கர் ஆக வேண்டும் என்று." கேட்டேன். பன்னிரண்டு பேரில் ஒருவன்கூட கை தூக்கவில்லை. மிட்ஃபீல்டு, விங், ஒருவன் கோல்கீப்பர். அந்த ஒல்லிப் பையன் காரணமும் சொன்னான்: "அந்த இடத்துக்கு வெளிநாட்டுக்காரங்களைத்தானே எடுக்கறாங்க, காக்கு." ஐ.எஸ்.எல்.லில் நான்கு வெளிநாட்டவர் களத்தில் இருக்கலாம். கோல் போடும் இடம்தான் பெரும்பாலும் அவர்களுக்கு முதலில் போகிறது. பத்து வயதுப் பையனுக்கு அது தெரிந்திருக்கிறது. மளிகைக்கடைக்காரர் பந்தை எடுத்து அவன் காலடியில் வைத்து, "இன்றைக்கு நீ பெட்டிக்குள் நில்" என்றார். அவன் இரண்டு நிமிடம் நின்றான். பிறகு பந்து வரவில்லை என்று ஓரத்துக்கு ஓடிவிட்டான்.

நவம்பர் 29 அன்று நான் ஊர் திரும்பியிருந்தேன். அன்றுதான் ஈஸ்ட் பெங்கால் அந்த சீசனில் முதன்முறையாக ஜெயித்தது. நார்த் ஈஸ்ட் யுனைடெட் அணிக்கு எதிராக 1-0. கோல் போட்டவர் டயமன்டகோஸ். அந்த உற்சாகம் கொஞ்ச நாள் நீடித்தது. டிசம்பர் 7 அன்று சென்னையில் 2-0 என்று வென்றார்கள். 12-ம் தேதி முழங்கால் காயத்தோடு தலாலின் சீசன் முடிந்தது. கடைசியில் 9-வது இடம். முந்தைய ஆண்டு 13 கோல் போட்டவர் அதில் பாதியைக்கூட எட்டவில்லை.

இதெல்லாம் பிந்திய கதை. 29-ம் தேதி இரவு ஆட்டம் முடிந்ததும் பெரியவருக்குப் போன் போட்டு வாழ்த்துச் சொன்னேன். பின்னணியில் டீக்கடைச் சத்தம், மகனின் குரலும் கேட்டது.

"ஒன்றுதானே போட்டான்?" என்றார் பெரியவர். "இரண்டாம் பாதியில் அவன் எங்கே நின்றான், பார்த்தீர்களா? அதைச் சொல்லுங்கள்."